பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் இடையே

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய அவையில் இயற்பியலுக்கு என்ன வேலை என்று எவரேனும் கேட்டால், அக்கேள்வி நியாயமானதே. ஆனால் தமிழில் 'பொருள்' என்னும் சொல் பல வாயில்களைக் கொண்டது. கல்லும் மண்ணும் பொருள். சொல்லின் உட்கிடையும் பொருள். ஈட்டிய செல்வமும் பொருள். ஒரு சொல்லுக்குப் பொருள் யாது என்று நாளெல்லாம் ஆராய்வோர் கூடியிருக்கும் அவையில், பொருள் என்பதே யாது என்று கேட்பது முறைகேடாகாது. அதிலும், பொருளாகப் பிறந்து, நொடியின் நுண்பகுதி கழிந்ததும் எதிர்ப்பொருளாகி, மீண்டும் பொருளாகும் துகள்கள் சில உண்டு என்னும் செய்தி கவிஞர்களின் செவிக்கு எட்டாமல் போகலாகாது. எட்டும்போது பிழையின்றியும் எட்ட வேண்டும். அறிவியலிலிருந்து உவமை எடுப்போர் பெருகிவரும் காலம் இது. உவமைக்கு உரியது இன்னதென்று அறியாமல் எடுத்த உவமை நெடுநாள் நில்லாது.

எதிர்ப்பொருள் என்னும் கருத்து ஒரு சமன்பாட்டிலிருந்து பிறந்தது. 1928ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் பால் டிராக் எலக்ட்ரானுக்குரிய சமன்பாட்டை அமைத்தார். அதற்குக் கிடைத்த விடைகளில் ஒரு பாதி எலக்ட்ரானைக் குறித்தது. மறு பாதி எதைக் குறிக்கிறது என்பது விளங்கவில்லை. வேண்டாத விடையென அதை ஒதுக்கிவிட அவர் ஒருப்படவில்லை. எலக்ட்ரானின் நிறையே கொண்டு, மின்னூட்டத்தில் மட்டும் மாறுபட்ட ஒரு துகள் இருத்தல் வேண்டும் என்று 1931இல் எழுதினார். அடுத்த ஆண்டே, கலிபோர்னியாவில் கார்ல் ஆண்டர்சன், விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை முகில் அறையில் படம் பிடித்தபோது, எலக்ட்ரானைப் போன்றே தடம் பதித்து எதிர்ப்புறம் வளைந்து சென்ற துகளைக் கண்டார். அதுவே பாசிட்ரான். 1955இல் பெர்க்லி ஆய்வகத்தில் எதிர்ப்புரோட்டானும் அகப்பட்டது.

இங்கே 'எதிர்' என்னும் சொல்லைக் குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. இலக்கணத்தில் எதிர்ச்சொல் என்றால் இரவுக்குப் பகல், இன்பத்துக்குத் துன்பம். எதிர்ப்பொருள் அத்தகையதன்று. அதற்கு எடை உண்டு. அது கீழ்நோக்கியே விழுகிறது. ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வகத்தில் எதிர்ஹைட்ரஜன் அணுக்களை விழவிட்டுப் பார்த்து 2023இல் இதை நேரடியாகவே உறுதிசெய்தனர். நிறையில் வேறுபாடில்லை, ஆயுளில் வேறுபாடில்லை. மின்னூட்டமும் அதுபோன்ற சில கணக்கெண்களும் மட்டுமே தலைகீழாக அமைந்தவை. இருளும் ஒளியும் போன்றதன்று இவ்வுறவு. முகமும் கண்ணாடியில் தெரியும் முகமும் போன்றது. ஒரேயொரு வேறுபாடு, இங்கே கண்ணாடி முகம் வெளியே வந்து எதிரில் நின்றால் இரு முகங்களும் அழிந்து ஒளியாகிவிடும்.

மின்னூட்டம் உள்ள துகளுக்கு எதிர்த்துகள் எது என்று சொல்வது எளிது. மின்னூட்டமே இல்லாத துகளுக்கு எதிர் எது? ஒளித்துகளாகிய ஃபோட்டானுக்கு அதுவே எதிர். நடுநிலைப் பையானும் அவ்வாறே. இவை தம்முள் தாமே எதிரும் ஆனவை. நியூட்ரான் வேறு வகை. அதற்கு மின்னூட்டம் இல்லையேனும் பேரியான் எண் என்னும் மற்றொரு கணக்கு உண்டு. அதனால் அதற்குத் தனியே எதிர்நியூட்ரான் உண்டு. இவ்விரு வகைக்கும் இடையே மூன்றாவது வகை ஒன்று இருக்கக்கூடும் என்று எவரும் எண்ணியிருக்கவில்லை.

அது 1947இல் தலைகாட்டியது. மான்செஸ்டரில் ராச்செஸ்டர், பட்லர் என்னும் இருவர் முகில் அறைப் படங்களை ஆராய்ந்தபோது, ஓரிடத்தில் ஒன்றுமே இல்லாததுபோல் தோன்ற, அங்கிருந்து இரண்டு தடங்கள் கவட்டை போல் பிரிந்து செல்வதைக் கண்டனர். மின்னூட்டமற்ற துகள் தடம் பதிப்பதில்லை. அது சிதைந்து இரண்டானபோதுதான் அது இருந்ததே தெரிந்தது. பின்னாளில் கேயான் என்று பெயர் பெற்ற துகள் அதுவே. அது மோதல்களில் தாராளமாகப் பிறந்தது. ஆனால் சிதைவதற்கு, அத்துகள்களின் கால அளவையில், மிக நெடுநேரம் எடுத்துக்கொண்டது. எளிதில் பிறப்பது எளிதில் அழிய வேண்டுமே என்ற வியப்பிலிருந்து 'விந்தைத்தன்மை' என்னும் கணக்கெண் ஒன்றை 1953இல் அமெரிக்காவில் மரே கெல்மானும் ஜப்பானில் நிஷிஜிமாவும் தனித்தனியே அமைத்தனர். துகள்களைப் பிறப்பிக்கும் வலுவிசை இவ்வெண்ணின் பேரேட்டை ஒழுங்காக எழுதும். அவற்றைச் சிதைக்கும் மெல்விசையோ அப்பேரேட்டைப் பொருட்படுத்துவதில்லை. கேயானுக்கு இவ்வெண் கூட்டல் ஒன்று. எதிர்க்கேயானுக்குக் கழித்தல் ஒன்று. ஆகவே மின்னூட்டமற்ற கேயானும் எதிர்க்கேயானும் பிறப்பால் இரு வேறு துகள்கள்.

இரண்டும் வேறு என்றால், இரண்டுமே ஒரே இரட்டைப் பையானாகச் சிதைய முடிவது எவ்வாறு என்னும் வினா எழுந்தது. 1955இல் கெல்மானும் ஆபிரகாம் பைஸும் இதற்கு விடை எழுதினர். இருவர் இரு வாயில்களால் நுழைந்தாலும், வெளியேறும் வாயில் ஒன்றேயானால், ஒரு வாயிலால் வந்தவர் அவ்வழியே சென்று மற்றவராகத் திரும்பி வரவும் கூடும் அல்லவா? கேயான் எதிர்க்கேயானாக மாறலாம். எதிர்க்கேயான் கேயானாக மாறலாம். தடுப்பதற்கு மின்னூட்டமும் இல்லை. பேரியான் எண்ணும் இல்லை. விந்தைத்தன்மை ஒன்றே இருவரையும் பிரித்து வைத்தது. அதை மெல்விசை மதிப்பதில்லை.

இதை விளங்கிக்கொள்ள ஓர் ஊஞ்சல் உதவும். இரண்டு மரங்களுக்கிடையே குறுக்கே ஒரு கயிறு கட்டி, அக்கயிற்றிலிருந்து ஒத்த நீளமுள்ள இரண்டு ஊஞ்சல்களைத் தொங்கவிட்டதாகக் கொள்க. இடப்பக்க ஊஞ்சலை மட்டும் ஆட்டிவிட்டால், குறுக்குக் கயிறு சற்றே இழுபட இழுபட, சும்மா கிடந்த வலப்பக்க ஊஞ்சல் மெல்ல அசையத் தொடங்கும். சிறிது நேரத்தில் இடப்பக்கம் முற்றிலும் ஓய்ந்து வலப்பக்கம் முழு வீச்சில் ஆடும். பின்னர் ஆட்டம் மீண்டும் இடப்பக்கம் வந்து சேரும். கயிற்றின் பிணைப்பு எவ்வளவு மென்மையோ அவ்வளவு மெதுவாக இக்கைமாற்றம் நிகழும். கேயான் இட ஊஞ்சல், எதிர்க்கேயான் வல ஊஞ்சல், மெல்விசை குறுக்குக் கயிறு.

இவ்வூஞ்சல்களைக் கூர்ந்து நோக்கினால் மற்றொன்றும் தெரியவரும். இரண்டும் ஒன்றாக ஒரே திசையில் ஆடும் நடை ஒன்று. இரண்டும் எதிரெதிராக ஆடும் நடை ஒன்று. இவ்விரு நடைகளிலும் கைமாற்றமே நிகழாது. தொடங்கியபடியே அவை ஆடிக்கொண்டிருக்கும். 'இட ஊஞ்சல் மட்டும் ஆடுகிறது' என்பது, நுணுகிப் பார்த்தால், இவ்விரு நடைகளும் சரிபாதியாகக் கலந்த கலவை. ஒரு நடை மற்றதைவிடச் சற்றே விரைவானதாகையால் கலவையின் தோற்றம் மாறிமாறி வருகிறது. அம்மாற்றத்தையே அலைவு என்கிறோம்.

கேயானுக்கும் இவ்வாறே இரு நடைகள். ஒரு நடை வினாடியின் ஆயிரம் கோடியில் ஒரு பகுதி அளவில் சிதைந்துவிடும். அது குறுவாழ்வுக் கேயான். மற்றது ஏறத்தாழ 570 மடங்கு நீடித்து வாழும். அது நெடுவாழ்வுக் கேயான். இரண்டின் நிறை வேறுபாடு, கேயானின் நிறையில் ஒரு கோடி கோடியில் ஒரு பகுதிக்கும் குறைவு. அலைவின் வேகத்தை அளந்ததனால்தான் இத்துணை நுண்ணிய வேறுபாடு மனித அறிவுக்கு எட்டியது. எந்தத் தராசும் அதை நிறுத்துக் காட்டியிருக்க முடியாது.

ஆக, ஒரே துகளுக்கு இரு வகைப் பெயரிடல். கேயான், எதிர்க்கேயான் என்பன பிறப்பால் வந்த பெயர்கள். குறுவாழ்வு, நெடுவாழ்வு என்பன வாழ்ந்த விதத்தால் வந்த பெயர்கள். பிறப்புப் பெயர் உடையதற்குத் திட்டமான ஆயுள் இல்லை. வாழ்வுப் பெயர் உடையதற்குத் திட்டமான பிறப்படையாளம் இல்லை. இரு பெயர்களும் ஒருங்கே ஒன்றுக்குப் பொருந்துவதில்லை. இவ்வுரையில் நினைவில் நிறுத்தத்தக்கது ஒன்று உண்டென்றால் அது இதுவே.

தமிழிலக்கணம் கற்றோர்க்கு இதனையொத்த ஒரு வழக்கு நினைவுக்கு வரும். உயர்திணை, அஃறிணை என்று உலகையே இரண்டாகப் பகுத்த தொல்காப்பியர், இரு திணைக்கும் பொதுவான விரவுப்பெயர்களுக்கும் இடம் வைத்தார். 'சாத்தன்' என்று மட்டும் சொன்னால் அவன் மகனா, அப்பெயரிட்டு அழைக்கப்பெறும் காளையா என்பது தெரியாது. 'சாத்தன் வந்தான்' என்று முடிந்தால் உயர்திணை. 'சாத்தன் வந்தது' என்று முடிந்தால் அஃறிணை. பெயர் திணையைக் காட்டுவதில்லை, வினைமுடிவே காட்டுகிறது. கேயானும் அவ்வாறே. அது ஒரு பையானாகவும் பாசிட்ரானாகவும் நியூட்ரினோவாகவும் சிதைந்தால், முடியும் கணத்தில் அது கேயான். பாசிட்ரானுக்கு மாறாக எலக்ட்ரான் வெளிப்பட்டால், அது எதிர்க்கேயான். வினைமுடிவில் வரும் அம்மின்னூட்டமே திணை காட்டும் விகுதி.

ஒப்புமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். சாத்தன் மகனா காளையா என்பது கேட்போர்க்குத் தெரியாவிட்டாலும் சொல்வோர்க்குத் தெரியும். கேயானின் இடைவழியிலோ, மறைந்து கிடக்கும் விடை ஒன்றும் இல்லை. இத்தனை பங்கு இது, இத்தனை பங்கு அது என்னும் விகிதம் மட்டுமே உண்டு. உண்மையில் ஏதோ ஒன்றாய் இருந்துகொண்டு ஏமாற்றுகிறது என்று கொள்வதும், நொடிக்கு நொடி சட்டை மாற்றிக்கொள்கிறது என்று கொள்வதும் பிழை.

கணக்கு சொன்னதைக் கண் காண நெடுநாள் ஆகவில்லை. 1956இல் நியூயார்க் மாநிலத்து புரூக்ஹேவன் ஆய்வகத்தில் லியோன் லெடர்மனும் உடனுழைத்தோரும் நெடுவாழ்வுக் கேயானைக் கண்டனர். அதைவிட விந்தையான முன்னறிவிப்பை 1955இலேயே பைஸும் பிச்சியோனியும் செய்திருந்தனர். கேயான் கற்றை ஒன்றைச் சில மீட்டர் தொலைவு ஓடவிட்டால் குறுவாழ்வுப் பங்கு முழுதும் அழிந்து, நெடுவாழ்வுப் பங்கு மட்டும் எஞ்சும். ஊஞ்சல் கணக்கில், ஒரு நடை உராய்வால் நின்றுபோய் மற்ற நடை மட்டும் எஞ்சினால் இரு ஊஞ்சல்களும் சரிசமமாக ஆடுமல்லவா? அதுபோல், பொருளாகவே பிறந்த கற்றையில் இப்போது ஏறத்தாழ ஒரு பாதி எதிர்ப்பொருள். அதன் வழியில் ஓர் உலோகத் தகட்டை வைத்தால், தகட்டின் அணுக்கள் எதிர்க்கேயான் பங்கையே மிகுதியாக உறிஞ்சிக்கொள்ளும். சமநிலை கெட்டுப்போகும். உடனே, முன்பே மாண்டு ஒழிந்த குறுவாழ்வுக் கேயான் தகட்டின் மறுபுறம் மீண்டும் தோன்றும்! இம்மறுபிறப்பும் சோதனையில் மெய்ப்பட்டது. மாண்ட துகள் எழுந்துவரவில்லை. எஞ்சியிருந்த நடையின் இரு பகுதிகளுள் ஒன்று குறைந்தமையால் மற்ற நடை அதனுள்ளிருந்து தலையெடுத்தது.

இதுவரை சொன்னதில் போவதும் வருவதும் சமம் என்பதே அனைவரின் கருத்து. இயற்கை பொருளையும் எதிர்ப்பொருளையும் ஒப்ப நோக்கும் என்பது ஐயத்துக்கு இடமற்ற கொள்கையாக இருந்தது. 1957இல் இடம் வலம் என்னும் சமச்சீர்மை மெல்விசையில் உடைந்தபோதுகூட, கண்ணாடியில் காட்டுவதோடு பொருளை எதிர்ப்பொருளாகவும் மாற்றிவிட்டால் சமன் மீளும் என்று அறிஞர்கள் ஆறுதல் கொண்டனர். அக்கொள்கைப்படி, நெடுவாழ்வுக் கேயான் ஒருபோதும் இரண்டு பையானாகச் சிதையலாகாது.

1964இல் ஜேம்ஸ் குரோனின், வால் ஃபிட்ச், ஜேம்ஸ் கிறிஸ்டென்சன், ரெனே துர்லே ஆகிய நால்வரும் புரூக்ஹேவனில் இதைச் சோதித்தனர். அச்சிதைவு இல்லை என்பதை முன்னினும் நுட்பமாக நிறுவுவது அவர்தம் நோக்கங்களுள் ஒன்று. கிடைத்ததோ, ஏறத்தாழ ஐந்நூறு சிதைவுகளுக்கு ஒன்று என்னும் அளவில் இரட்டைப் பையான். ஐந்நூற்றில் ஒன்று! கருவியின் கோளாறு என்று தள்ளிவிட எளிதான எண். கேயான்கள் ஓடிய பையில் நிரப்பியிருந்த ஹீலியமே, மேற்சொன்ன தகடுபோல், குறுவாழ்வுக் கேயானை மறுபிறப்பு எடுக்கச் செய்ததோ என்று அவர்கள் ஐயுற்றனர். கணக்கிட்டுப் பார்த்ததில் ஹீலியத்தின் பங்கு அதற்குச் சிறிதும் போதாது என்று தெரிந்தது. பல மாதங்கள் வேறு விளக்கங்களைத் தேடி, ஒன்றும் பொருந்தாமற்போன பின்னரே வெளியிட்டனர். சுழியம் என்று எழுதக் காத்திருந்த இடத்தில் சுழியமல்லாத சிறு எண் ஒன்றை எழுதியமைக்காக, குரோனினுக்கும் ஃபிட்சுக்கும் 1980இல் நோபல் பரிசு கிட்டியது.

அச்சிறு எண்ணின் பெருமையை உணர ஒரு கற்பனை உதவும். எட்டமுடியாத தொலைவிலுள்ள வேறோர் உலகத்தாருக்குச் செய்தி அனுப்பலாம். பொருளை மட்டும் அனுப்ப முடியாது எனக் கொள்க. அவர்கள் பொருளால் ஆனவர்களா, எதிர்ப்பொருளால் ஆனவர்களா என்று எப்படி அறிவது? மின்னூட்டத்தைக் கூட்டல், கழித்தல் என்று பெயரிட்டது மனிதர் செய்துகொண்ட ஏற்பாடே. அவர்கள் மாற்றியும் பெயரிட்டிருக்கலாம். ஆனால் நெடுவாழ்வுக் கேயான் சிதையும்போது எலக்ட்ரானைவிடப் பாசிட்ரான் சற்றே மிகுதியாக வெளிப்படுகிறது. ஆயிரத்துக்கு மூன்று என்னும் அளவில் வேறுபாடு. 1967இல் இது அளந்தறியப்பட்டது. ஆகவே, 'உங்கள் அணுக்களின் வெளிச்சுற்றில் இருப்பது, கேயான் சிதைவில் குறைவாக வருகின்ற துகளா, மிகுதியாக வருகின்ற துகளா?' என்று கேட்டெழுதினால் போதும். குறைவானது என்று மறுமொழி வந்தால் அவர்களும் பொருளால் ஆனவர்களே, கைகுலுக்கலாம். மிகுதியானது என்று வந்தால் தொலைவிலிருந்தே வணங்கிக்கொள்வது நன்று.

போவதும் வருவதும் சமமன்று என்பதை நேரடியாகவே எண்ணிக் காட்டியது செர்னில் நடந்த சிபிலியர் சோதனை. எதிர்ப்புரோட்டான் ஹைட்ரஜனில் அழியும்போது, நடுநிலைக் கேயானுடன் மின்னூட்டமுள்ள மற்றொரு கேயானும் சிலவேளை பிறக்கும். உடன்பிறந்ததன் மின்னூட்டம் இதன் பிறப்புப் பெயரைச் சொல்லிவிடும். சிதைவில் வரும் எலக்ட்ரானோ பாசிட்ரானோ முடிவுப் பெயரைச் சொல்லிவிடும். பிறப்புச் சான்றும் முடிவுச் சான்றும் கைவசம் இருக்க, எத்தனை கேயான் எதிர்க்கேயானாக முடிந்தது, எத்தனை எதிர்க்கேயான் கேயானாக முடிந்தது என்று எண்ணினர். எதிர்ப்பொருள் பொருளாவது சற்று மிகுதி என்றும், வேறுபாடு ஆயிரத்துக்கு ஆறேழு என்னும் அளவினது என்றும் 1998இல் அறிவித்தனர்.

கேயானுக்குப் பின் அதன் உறவினர் மூவர் அறியப்பட்டனர். துகள்களுக்குள் குவார்க்குகள் உண்டென்று நிலைபெற்ற பின்னர், அலைவு என்பது அக்குவார்க்குகளின் திருவிளையாடல் எனத் தெளிவாயிற்று. இடைவழியில், எவரும் கண்டிராத கனமான குவார்க்குகளும் ஒரு கணம் தோன்றி மறைந்து கைமாற்றத்துக்கு உதவுகின்றன. ஆகவே அலைவின் வேகத்தைக் கொண்டே, மறைந்திருப்பவரின் எடையைக் கணிக்கலாம். கேயானின் அலைவிலிருந்து, அதுவரை காணப்படாத சார்ம் குவார்க்கின் நிறை புரோட்டானைப்போல் ஒன்றரை மடங்கு அளவில் இருக்குமென 1974இல் மேரி கயார்டும் பெஞ்சமின் லீயும் கணித்தனர். அவ்வாண்டு நவம்பரிலேயே அது வெளிப்பட்டது. 1987இல் ஹாம்பர்க் நகரில் ஆர்கஸ் சோதனை, பி மேசான்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று மாறிய நிலையில் முடிவதைக் கண்டது. அவ்வளவு வேகம் வேண்டுமானால் டாப் குவார்க் எவரும் எதிர்பாராத அளவு கனமாக இருந்தாக வேண்டும். 1995இல் சிகாகோ அருகே ஃபெர்மி ஆய்வகத்தில் அது கண்டறியப்பட்டபோது, ஒரு தங்க அணுவின் எடையை நெருங்குவதாக இருந்தது.

பி மேசான் வகையில் விந்தைக் குவார்க்கையும் கொண்ட ஒன்று எல்லோரினும் விரைவாக ஆடுவது. வினாடிக்கு மூன்று இலட்சம் கோடி முறை அது பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் இடையே அலைவதாக ஃபெர்மி ஆய்வகத்தினர் 2006இல் அளந்தனர். அதன் ஆயுளோ வினாடியின் இலட்சம் கோடியில் ஒன்றரைப் பங்கு. அதற்குள் சராசரியாக நான்கு முறை போய் வந்துவிடுகிறது. டி மேசான் இதற்கு நேர்மாறாக மந்தமானது. பெரும்பாலானவை திரும்புமுன்பே மாண்டுவிடும். அதன் அலைவு செர்னில் ஐயமற நிறுவப்பட்டது 2012இல். அதன் இரு நடைகளின் நிறை வேறுபாடு 2021இல் அளக்கப்பட்டது. கிராம் கணக்கில் அதை எழுத வேண்டுமானால் தசமப் புள்ளியின் பின் 37 சுழியங்களை இட்டு, பிறகு ஒன்று என எழுத வேண்டும்.

இந்நால்வர் தவிர வேறெவரும் இவ்வாறு அலைவதாக இதுவரை அறியப்படவில்லை. கல்லும் மரமும் மனித உடலும் இவ்வாறு அலைவதில்லை. புரோட்டானை மின்னூட்டம் தடுக்கிறது. நியூட்ரானைப் பேரியான் எண் தடுக்கிறது. நியூட்ரான் மாறுகிறதா என்று பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஆராய்ந்தனர். மாறுமாயின் அதற்கு 8.6 கோடி வினாடிக்குமேல் ஆகும் என்பதே 1994இல் வெளிவந்த முடிவு. உலகம் நிலையாக இருப்பதற்கு இத்தடைகளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் பயன் என்ன? பெருவெடிப்பில் பொருளும் எதிர்ப்பொருளும் சமமாகவே தோன்றியிருக்க வேண்டும். சமமாகவே இருந்திருந்தால், ஒன்றையொன்று அழித்துக்கொண்டு ஒளி மட்டுமே எஞ்சியிருக்கும். விண்மீனும் இல்லை, மண்ணும் இல்லை, அதில் நின்று பாடுவோரும் இல்லை. எஞ்சிய பொருளையும் வான் முழுதும் பரந்த ஒளியையும் ஒப்பிட்டுக் கணக்கிட்டால், தொடக்கத்தில் நூறு கோடி எதிர்த்துகளுக்கு நூறு கோடியே ஒரு துகள் என்னும் அளவில் மிகை இருந்தது என்று தெரிகிறது. நூறு கோடி இணைகள் அழிந்தன. அந்த ஒன்றே உலகம். அம்மிகை தோன்ற மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்று 1967இல் ரஷ்ய அறிஞர் ஆந்திரே சாகரோவ் எழுதினார். பேரியான் எண்ணின் கணக்கு உடைய வேண்டும். அண்டம் வெப்பச் சமநிலையிலிருந்து விலகிய வேளையாக இருக்க வேண்டும். பொருளையும் எதிர்ப்பொருளையும் இயற்கை ஓரவஞ்சனையோடு நடத்த வேண்டும். மூன்றாவது நிபந்தனைக்கு அன்று இருந்த ஒரே சான்று, கேயானின் அந்த ஐந்நூற்றில் ஒன்று.

அவ்வோரவஞ்சனை எங்கிருந்து வருகிறது என்பதை 1973இல் கியோட்டோவைச் சேர்ந்த கோபயாஷியும் மஸ்கவாவும் காட்டினர். மூன்று குவார்க்குகளே அறியப்பட்டிருந்த காலத்தில், ஆறு இருந்தால் இது இயல்பாகவே நிகழும் என்றனர். ஆறும் கண்டறியப்பட்டன. 2001இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டிலும் ஜப்பானின் சுகுபாவிலும் பி மேசான்களில் அவர்கள் சொன்ன வேறுபாடு காணப்பட்டது. 2008இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். புரோட்டான் வகைத் துகளாகிய பேரியான் ஒன்றின் சிதைவிலும் அத்தகைய வேறுபாடு இருப்பதைச் செர்ன் ஆய்வாளர்கள் 2025இல் அறிவித்தனர்.

ஆயினும் கதை இங்கே இனிதே முடியவில்லை. இவ்வாறு அறியப்பட்ட ஓரவஞ்சனை, உலகம் எஞ்சுவதற்குத் தேவையானதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு குறைவு. கேயான் சுட்டிக்காட்டிய திசை சரி. அத்திசையில் கண்ட விளக்கு மட்டும் மிகச் சிறிது. பெருவிளக்கு வேறெங்கோ இருக்க வேண்டும். 'கேயானின் அலைவால்தான் உலகம் உண்டாயிற்று' என்று எவரேனும் பாடினால், பாட்டு அழகாயிருக்கலாம், செய்தி பிழை.

கவிஞர் பெருமக்களே, இத்துகள்களை உவமையாக எடுக்கத் தடையேதும் இல்லை. ஆனால் 'நல்லவன் தீயவனாகிறான், தீயவன் நல்லவனாகிறான்' என்பதற்கு இது உவமையாகாது. பொருள் நன்மையும் அன்று, எதிர்ப்பொருள் தீமையும் அன்று. இதில் உண்மையாகவே அடங்கியுள்ள செய்திகள் இரண்டு. பிறப்பால் இட்ட பெயரும் வாழ்ந்து பெற்ற பெயரும் ஒன்றல்ல என்பதும், இரண்டுக்கும் இடையிலான காலத்தில் விகிதமே மெய் என்பதும் ஒன்று. இவ்வுண்மையைச் சாதிப் பெயராலும் ஊர்ப் பெயராலும் மனிதரை அளக்கும் சமூகத்தில் வாழும் கவிஞர்க்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றொன்று, சமன் என்று உலகமே நம்பிய இடத்தில் ஐந்நூற்றில் ஒன்றாய் வந்து நின்ற விலகலைப் புறந்தள்ளாமை. நால்வரும் அவ்வெண்ணைப் பிழையெனத் துடைத்திருந்தால், உலகம் ஏன் எஞ்சியது என்னும் கேள்விக்கு ஒரு சான்றும் கிடைத்திராது. கவிதையும் பெரும்பாலும் அத்தகைய விலகல்களிலிருந்தே பிறக்கிறது. பொதுவிதிக்குள் அடங்காத ஒரு முகம், ஒரு சொல், ஒரு மௌனம். அதைத் துடைத்துவிட்டு விதியை மட்டும் எழுதுவோர்க்கு யாப்பு மிஞ்சும், பாட்டு மிஞ்சாது.

கெல்மானும் பைஸும் கேயானின் இரு பெயர்களைப் பிரித்தறிந்ததற்கும், நால்வர் அவற்றுக்கிடையிலான சமனின்மையைக் கண்டதற்கும் இடையே கழிந்தவை ஒன்பதே ஆண்டுகள். பத்தாண்டு என்பது குறுகிய காலமன்று. பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம் மேலும் பல பதின்மங்கள் காண்க. சிறு விலகல்களைக் கேட்கும் செவியோடு வளர்க.